ஒளியும் பட்டை, ஒட்டும் பட்டை

பேசுவோருக்குப் பதினைந்து நிமிடத்தையும் தமக்குப் பெரும் பொறுமையையும் ஒதுக்கிக்கொண்டு இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் வலைத்தள வடிவமைப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னே எழுந்து எழுத்துருக்களின் எழிலை எடுத்தியம்பி என் வேலையை இன்னும் கடினமாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் அச்சக வடிவமைப்பாளர் ஐயா அவர்களே, மூத்தோரே, திரைக்கு முன்னே தேய்ந்த கண்களோடும் தீராத திருத்தங்களோடும் தினந்தினம் மல்லுக்கட்டும் என் தொழில் தோழர்களே, தோழியரே, உங்கள் பிள்ளை என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுது" என்று சொல்லிச் சொல்லிச் சலித்து, அந்த "என்னமோ" என்னவென்று இன்றைக்காவது தெரிந்துகொள்ள வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, தந்தையரே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

தலைவர் எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார். "உருட்டும்போது ஒளியும் தலைப்பட்டை நல்லதா, ஒட்டிக்கொள்ளும் தலைப்பட்டை நல்லதா?" அதற்காகப் பதினெட்டுப் படங்களோடு ஒரு விளக்கம் தயார் செய்தேன். இன்று அதைக் காட்டப் போவதில்லை. பதற வேண்டாம் தலைவரே, தலைப்பை விட்டு ஓர் அடி கூட விலக மாட்டேன். ஆனால் என் குரல் நடுவே தடுமாறினால் பொறுத்தருள வேண்டும். பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். இந்தப் பதற்றம் எனக்குப் புதிது.

முதலில் தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். உச்சியில் ஒரு பட்டை நிற்கிறது. அதில் நிறுவனத்தின் சின்னம், பட்டியலைத் திறக்கும் மூன்று கோடு, தேடுவதற்கு ஒரு பூதக்கண்ணாடி, தொலைபேசி எண். அதுதான் தலைப்பட்டை. உங்கள் பிள்ளைகள் ஹெட்டர் என்பார்கள். நீங்கள் படிப்பதற்காகப் பெருவிரலால் பக்கத்தை மேலே தள்ளுகிறீர்கள். அப்போது அந்தப் பட்டை என்ன செய்ய வேண்டும்? பக்கத்தோடு சேர்ந்து மேலேறி மறைந்துவிட வேண்டுமா? அசையாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? மறைந்தால் படிக்க இடம் கிடைக்கும். ஒட்டினால் வேண்டியது எப்போதும் கைக்கு எட்டும். வழக்கு இவ்வளவுதான். இந்த வழக்கை முன்னிட்டு எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. சிரிக்கிறீர்கள். அதில் ஒருத்தி நான்.

பின்வரிசையில் யாரோ "ஒட்ட வை" என்கிறீர்கள். இருங்கள் ஐயா, அங்கேயும் வருகிறேன். அதிலும் அடிபட்டவள்தான் உங்கள் முன் நிற்கிறாள்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் எங்கள் சிறு நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்தது. நஞ்சு முறிவு உதவி மையம் ஒன்றுக்கு வலைத்தளம் அமைக்க வேண்டும். யாராவது தவறிப்போய் எதையாவது குடித்துவிட்டால், விழுங்கிவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று படிக்க வேண்டும். உடனே மையத்துக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். மையத்தில் நான்கு மேசை, நான்கு தொலைபேசி. அவற்றுக்குப் பொறுப்பு ஒரு மூத்த செவிலியர். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே அழைப்பார்கள்.

நான் ஒளியும் பட்டையை அமைத்தேன். படிக்கப் படிக்க அது நழுவி மேலேறிப் போய்விடும். விரலால் பக்கத்தைச் சற்றே கீழே இழுத்தால் திரும்ப வந்து நிற்கும். நேர்த்தி, நளினம், நாகரிகம். நானே என்னை மெச்சிக்கொண்டேன். மையத்தின் எண்ணை அந்தப் பட்டைக்குள்தான் வைத்தேன். காட்டியபோது சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொஞ்சம் கீழே இழுத்தால் எண் வரும் என்பது பதற்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போது எல்லாத் தளங்களிலும் இப்படித்தான் சிஸ்டர், எல்லோருக்கும் பழகிப்போச்சு என்றேன். யார் அந்த எல்லோரும்? எத்தனை பேரைக் கேட்டேன்? எவர் கையில் கொடுத்துப் பார்த்தேன்? ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும் என்றேன்.

தளம் வெளியாகி ஐந்து மாதம். ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். என் அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைப்பவர், தச்சர். வீட்டுக்குப் பின்புறம்தான் பட்டறை. அன்று ஓர் அலமாரிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். மெருகில் கலக்கும் தின்னர் ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் இருந்தது. பக்கத்திலேயே நிஜத் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தது. நல்ல வெயில். மாமா அலமாரிக் கதவின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் எந்தப் பாட்டில் என்று தெரிந்தது.

அக்கா ஓடிவந்து பார்க்கும்போது மாமா தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. பேச்சு வரவில்லை. அக்கா செய்த முதல் காரியம், டம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் உப்பை அள்ளிப் போட்டது. வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தோன்றியது. நம்மில் யாருக்குத்தான் தோன்றாது? ஒரு கையில் டம்ளர், மறு கையில் கைப்பேசி. தேடினாள். நான் அமைத்த பக்கம் திறந்தது. மேலே எண்ணைப் பார்த்தாள். அதன் கீழே முதல் வரி, மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் குடித்தவர்களை வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்றது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

இன்னும் என்ன எழுதியிருக்கிறது என்று தள்ளிப் படித்தாள். பட்டை நழுவியது. எண்ணும் நழுவியது. படித்து முடித்து, இனி கூப்பிடலாம் என்று பார்த்தால் எண்ணைக் காணோம்.

என் அருமைத் தாய்மார்களே, பதறிய கை எந்தப் பக்கம் தள்ளும்? இன்னும் கீழே இருக்குமோ என்று கீழேதான் போகும். அக்கா கீழே போனாள். இன்னும் கீழே போனாள். அடிவரைக்கும் போனாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் என் பட்டை இன்னும் விறைப்பாக ஒளிந்துகொண்டது. நான் அதற்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். பக்கத்தை மூடினாள், மறுபடி திறந்தாள், கை வழுக்கி அது மறுபடி ஓடியது. மாமா இரும ஆரம்பித்தார். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் எந்தத் தொலைபேசியும் ஒலிக்காமல் நான்கு மேசைகளில் நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். என் அக்கா தேடுவதை விட்டுவிட்டுக் கைப்பேசியோடு தெருவுக்கு ஓடினாள். எதிர்வீட்டு மின்பணியாளர் வண்டியை எடுத்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் எனக்குப் பேசினாள்.

"மாமா தின்னரக் குடிச்சிட்டாரு. நீ வா."

எந்த மருத்துவமனை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். மார்பு ஏறி இறங்குவதில் ஓர் ஒழுங்கு இல்லை. தின்னர் வயிற்றில் கிடப்பதை விட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து என்று மருத்துவர் விளக்கினார். இருமலில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், காத்திருங்கள் என்றார். வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று அக்காவைக் கேட்டார். இல்லை, போனில் படித்தேன், கூடாது என்று போட்டிருந்தது என்றாள் அக்கா. நல்ல வேளை என்றார் மருத்துவர்.

அந்த நடைக்கூடத்தில் ஒரு நீல நிற இருக்கை. அதில் நாங்கள் இரண்டு பேர். கதவு திறக்கும்போதெல்லாம் எழுவோம். வேறு யாருக்கோ வந்த செவிலியர் கடந்து போவார். மறுபடி உட்காருவோம். எத்தனை முறை எழுந்தோம், எத்தனை முறை உட்கார்ந்தோம், கணக்கே இல்லை. அப்போது அக்கா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். திரையில் நான் அமைத்த பக்கம்.

"நம்பர் மேலதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். படிச்சிட்டு வர்றதுக்குள்ள காணாமப் போச்சு. யாருடி இப்படியெல்லாம் செய்வாங்க?"

என் பெருவிரல் தானாகப் போய்ப் பக்கத்தைக் கீழே இழுத்தது. எண் வந்து நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

சபையோரே, அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான்தான் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "தெரியலக்கா" என்றேன். ஆயிரம் பேருக்கு வழிகாட்ட வடிவமைப்புச் செய்கிறவள், ஆறெழுத்தில் ஒளிந்துகொண்டேன்.

ஆறு மணிக்கு மேல் மருத்துவர் வெளியே வந்தார். ஒரு பக்க நுரையீரலில் மட்டும் கொஞ்சம் பாதிப்பு, பிழைத்துக்கொள்வார் என்றார். மாமா ஐந்து நாள் அங்கே இருந்தார். இருமல் விட இரண்டு மாதம் ஆனது.

மறுநாள் காலை அலுவலகம் போனவுடன் முதல் வேலையாகப் பட்டையை ஒட்டிவிட்டேன். இனி ஒளியாதே, ஒதுங்காதே, ஓர் இம்மியும் அசையாதே என்று அடித்து நிறுத்தினேன். சின்னம், மூன்று கோடு, பூதக்கண்ணாடி, எண், எல்லாமே மேலே, எப்போதுமே மேலே. எண்ணைப் பெரிதாக்கினேன், சிவப்பாக்கினேன். பட்டை தடித்தது. தடித்தால் என்ன, இனி ஒருவருக்கும் அது தொலையாது என்று நினைத்தேன். பின்வரிசை ஐயா, இப்போது கை தட்டுங்கள். தட்டிவிட்டீர்களா? சரி, கையை இறக்குங்கள்.

பத்தொன்பது நாள் கழித்து சிஸ்டர் அழைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரு விடுதியின் சமையலறையிலிருந்து ஒருவர் பேசினாராம். சமையல்காரர். கூட வேலை பார்ப்பவர் அடைப்பு நீக்கும் திராவகத்தை வாயில் ஊற்றிக்கொண்டுவிட்டார். அந்தச் சமையல்காரர் எடுத்தவுடன் கேட்டது இது.

"உப்பு எத்தன ஸ்பூன் போடணும் சிஸ்டர்?"

எதுவும் கொடுக்காதீர்கள் என்று சிஸ்டர் அலறாத குறையாகச் சொன்னார். மறுமுனை குழம்பியது.

"உங்க பக்கத்துலதானே போட்டிருக்கு. உப்புத்தண்ணி கொடுத்தல், வாந்தி எடுக்க வைத்தல். அதப் பாத்துதானே கேக்குறேன்."

என்ன நடந்தது தெரியுமா? பக்கத்தின் மேலே திராவகம் என்று ஓர் இணைப்பு. அதைத் தொட்டால் பக்கம் தாவிப் போய்த் திராவகத்துக்கு உரிய இடத்தில் நிற்கும். அங்கே முதல் வரி, பெரிய எழுத்தில், "செய்யக் கூடாதவை". அதன் கீழே வரிசையாக உப்புத்தண்ணீர் கொடுத்தல், வாந்தி எடுக்க வைத்தல். அந்தச் சமையல்காரருக்குக் கண் சற்று மங்கல். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர். எழுத்துப் பெருத்தால் என் பட்டையும் பெருக்கும். பெருத்த பட்டை முதல் வரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "செய்யக் கூடாதவை" என்ற தலைப்பு பட்டைக்கு அடியில் போய்விட்டது. மிச்சம் தெரிந்தது என்ன? உப்புத்தண்ணீர் கொடுத்தல். வாந்தி எடுக்க வைத்தல். செய் என்று சொன்னது போலவே நின்றது.

ஒளிந்த பட்டை என் அக்காவுக்கு உண்மையைக் காட்டியது, எண்ணை மறைத்தது. ஒட்டிய பட்டை அந்தச் சமையல்காரருக்கு எண்ணைக் காட்டியது, உண்மையை மறைத்தது. அவருக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்கத் தோன்றியது. அதனால் ஓர் உயிர் தப்பியது. கேட்கத் தோன்றாத ஒருவராக இருந்திருந்தால்? குத்துமதிப்பாக இரண்டு ஸ்பூன் போடுகிறவராக இருந்திருந்தால்?

அன்று முதல் எனக்குக் கை வரவில்லை. எந்த வரியைத் தொட்டாலும் பயம். எதை நகர்த்தினாலும் அதன் அடியில் யாரோ சிக்கிக்கொண்டிருப்பது போல ஒரு பிரமை. இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சிஸ்டரிடமே சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்க எங்கள் அறையில் வந்து உட்காரு, அப்புறம் பேசலாம் என்றார்.

போய் உட்கார்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. அன்று முப்பத்தோரு அழைப்பு. பேசியவர்களில் ஒருவரும் நிதானமாக இல்லை. ஒரு கையில் போன், மறு கையில் இன்னோர் உயிர். பாதிப் பேருக்குக் கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. ஒருவர் நனைந்த கையோடு திரையைத் தொட்டுத் தொட்டு, தொட்டது எதுவும் திறக்கவில்லை என்று அழுதார். இவர்களைத்தான் நான் எல்லோரும் என்று ஒரு சொல்லில் அடக்கிச் சுருட்டி வைத்திருந்தேன்.

பிறகு அமைத்தது மிக எளிமையான ஒன்று. தள்ளும்போது சின்னம் போகட்டும், மூன்று கோடு போகட்டும், பூதக்கண்ணாடி போகட்டும், எல்லாம் ஒளியட்டும். எண் மட்டும் ஒரே ஒரு வரியில் நிற்கட்டும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது ஒரு வரியைத் தாண்டக் கூடாது. இணைப்பைத் தொட்டுப் பக்கம் தாவினால், தலைப்பு அந்த வரிக்குக் கீழே இடைவெளி விட்டு வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பதினெட்டுப் படம் தேவையே இல்லை.

வெளியிடும் முன்னே அதை யார் கையில் கொடுத்துப் பார்ப்பது? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கைதான். அக்கா வீட்டுக்குப் போனேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை நான்தான் அக்கா செய்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"நம்பரத் தேடி அடி வரைக்கும் போனேன்ல. அங்க உன் கம்பெனி பேரு போட்டிருந்துச்சு."

"அப்ப ஆஸ்பத்திரியில என்கிட்ட யாரு செஞ்சதுன்னு கேட்டியே."

"தெரிஞ்சுதான் கேட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அதன் பிறகு துணியில் ஒரு நூல் துண்டு ஒட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கையை நீட்டி, கொடு பார்க்கலாம் என்றாள். கொடுத்தேன். தள்ளினாள், படித்தாள், நிறுத்தினாள், அடிவரைக்கும் போனாள், மேலே வந்தாள். என் மூச்சு அவள் பெருவிரலோடு போய் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒன்று சொன்னாள். இது எண் என்று உனக்குத் தெரிகிறது, பதற்றத்தில் இருப்பவர்களுக்கு வெறும் எண்ணைக் கண்டால் தேதியா, விலையா என்றே புரியாது, முன்னால் "உடனே கூப்பிடுங்கள்" என்று எழுது என்றாள். எழுதினேன். இன்று அந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள் படிக்கும் முதல் இரண்டு சொல் என் அக்காவுடையவை.

என் தொழில் தோழர்களே, தோழியரே, ஒளிவதா ஒட்டுவதா என்ற வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்று கேட்கத்தான் வந்தேன். உங்கள் பக்கத்தைத் திறப்பவரின் மறு கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எதை நீங்கள் நகர்த்தி ஒளிக்கிறீர்களோ, அதை ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். எதை நீங்கள் அடித்து நிறுத்துகிறீர்களோ, அதன் அடியில் ஒரு சொல் நசுங்கிக்கொண்டிருக்கும். கேட்டீர்களா? காட்டினீர்களா? கையில் கொடுத்துப் பார்த்தீர்களா? ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த ஓர் அங்குலத்தில்தான் "கூடாது" என்ற சொல் இருந்தது. அந்த ஓர் அங்குலத்தில்தான் என் மாமாவின் மூச்சு இருந்தது.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எந்த அழைப்பு வந்தாலும் அக்காவாக இருக்குமோ என்று முதலில் பெயரைத்தான் பார்க்கிறேன். இருக்கட்டும். அந்தப் பயம் இல்லாத நாளில்தான் நான் எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னேன்.

இதோ தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு நிமிடம், ஐயா. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் மாமாவிடம் அவள் சொல்லவில்லை. அது உன் வாயால்தான் வரணும் என்று என்னிடம் விட்டுவிட்டாள். ஒன்றரை ஆண்டாக வீட்டில் சொல்ல வாயெடுப்பேன், மாமா சாப்பிடச் சொல்வார், பேச்சு மாறிவிடும். அவர் இன்று இங்கே நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். மைத்துனி மேடையில் பேசுகிறாள் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மாமா, அந்தப் பக்கத்தைச் செய்தவள் நான். நீங்கள் மூச்சுக்குத் திணறிய நான்கு நிமிடம் என் வடிவமைப்பில் தொலைந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

எழுந்து நிற்கிறார். மாமா, ஒலிவாங்கி கொண்டுவரச் சொல்லட்டுமா? வேண்டாம் என்கிறார். ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். நான் சொல்கிறேன். "பாட்டில்ல ஊத்தி வச்சவன் நான்தானேம்மா" என்கிறார்.

ஆமாம் மாமா, ஊற்றி வைத்தது நீங்கள்தான். எண்ணை ஒளித்து வைத்தது நான். உங்களுடையதை நீங்கள் அன்றே சுமந்துவிட்டீர்கள். என்னுடையதை நான் இன்றுதான் கையில் எடுத்திருக்கிறேன்.

இதற்கு மேல் என்னால் பேச முடியாது, சபையோரே. இடம் தந்த சங்கத்துக்கும், இடைமறிக்காத தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கேட்க வேண்டிய இடத்தில் காது கொடுத்த உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. இறங்கியதும் என் இருக்கைக்குப் போக மாட்டேன், நேரே நான்காவது வரிசைக்குத்தான் போவேன். வழி விடுங்கள். வணக்கம்.